கோவையில் கேஜன் சாப்பாடு: கம்போவை நம்பிப் போகலாம், ஜம்பலாயா வேண்டாம்

அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு மாடிக் கடையில் கேஜன் சாப்பாடு போடுகிறார்கள். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடைப் பெயர் வேண்டாம். கேஜன் என்றால் இங்கே பலருக்கும் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் மேல் தூவும் சிவப்புப் பொடிதான் தெரியும். உண்மையில் அது ஒரு குடியானவச் சமையல். 1755 முதல் கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பக்கத்திலிருந்து ஆங்கிலேயர் விரட்டிய பிரெஞ்சுக்காரர்களான அகேடியர்கள், அமெரிக்காவின் தெற்கே லூயிசியானாவில் போய்க் குடியேறி ஆக்கிய சாப்பாடு. 'அகேடியன்' தேய்ந்துதான் 'கேஜன்' ஆனது. கிடைத்ததை ஒரே பாத்திரத்தில் போட்டு, அரிசியை நம்பி ஆக்குவது. அரிசிம்பருப்பு சாதத்துக்குப் பழகிய ஊருக்கு இதில் மிரள ஒன்றுமில்லை.

இந்தக் கடைக்குப் போக முக்கியமான காரணம் கம்போ, அதாவது சோற்றோடு சாப்பிடும் கெட்டியான குழம்பு. கம்போ தேறுமா தேறாதா என்பது 'ரூ' (roux) என்கிற, குழம்பைக் கெட்டியாக்கும் வறுத்த மாவில் இருக்கிறது. மைதாவும் எண்ணெயும் சம அளவு, அடி கனமான சட்டி, சிறு தீ, நாற்பது நிமிஷம் கை எடுக்காமல் கிண்ட வேண்டும். முதலில் பச்சை மாவு வாசம், பிறகு வறுத்த வேர்க்கடலை வாசம், கடைசியில் காப்பிக்கொட்டை வறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வரும். நிறம் சாக்லேட் ஆனதும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் கொட்டினால் சூடு இறங்கி மாவு கருகாமல் நிற்கும். வெங்காயம் இரண்டு பங்கு என்றால் மற்ற இரண்டும் ஒவ்வொரு பங்கு. சட்டி மூலையில் ஒரு சிட்டிகை கருகினாலும் மொத்தமும் கசக்கும், கீழே கொட்டத்தான் வேண்டும். அதற்குப் பயந்துதான் பல கடைகள் வெளிர் பழுப்பிலேயே நிறுத்திவிட்டு, நிறத்துக்கு சோயா சாஸ் விடுகிறார்கள். இங்கே அந்த வேலை இல்லை. கரண்டியை முக்கி எடுத்துத் திருப்பினால் பின்பக்கம் மெல்லிய பழுப்புப் படலம் ஒட்டி நிற்கிறது, விரலால் கோடு போட்டால் கோடு கலையவில்லை. மேலண்ணத்தில் மாவு ஒட்டவும் இல்லை. ரூ போடுகிறவர் வேலை தெரிந்தவர்.

ரூ கறுக்கக் கறுக்க அதன் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும், மாவுச்சத்து சூட்டில் உடைந்துவிடுவதால். அந்தக் குறையை வெண்டைக்காய் அல்லது ஃபிலே தீர்க்கும். ஃபிலே என்பது சாசாஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பொடி, அமெரிக்காவின் சோக்டா பழங்குடியினரிடமிருந்து வந்தது. கடையில் ஃபிலே கிடையாது, வெண்டைதான். அதில் பிழையில்லை. கம்போ என்ற சொல்லே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். நம் வீடுகளில் புளியோ மோரோ விட்டு முறிக்கிற அந்த வழவழப்புதான் இங்கே வேலைக்காரன். ஆனால் அதை முதலில் வதக்கிப் பாதி அடக்கி, பிறகு நிதானமாகக் கொதிக்கவிட வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்குப் போனால் வெண்டை வேகாமல் கரண்டியோடு நூல் இழுக்கிறது. அதே சட்டி இரவு எட்டு மணிக்கு அருமையாக இறங்கியிருக்கிறது. இரவில் போங்கள்.

கோழி கம்போவை விட இறால் கம்போ பரவாயில்லை. கோழி கம்போவில் ஆண்டூயி என்ற புகை போட்ட பன்றித் தொத்திறைச்சி வர வேண்டும், புகை வாசமே அதிலிருந்துதான். கடையில் சிக்கன் சாசேஜ் போடுகிறார்கள். வழுவழுவென்று ரப்பர் மாதிரி, புகையும் இல்லை. இறாலை இறக்குவதற்கு நாலைந்து நிமிஷம் முன்புதான் போட வேண்டும். அரைவட்டமாக வளைந்திருந்தால் பதம், வளையமாகச் சுருண்டிருந்தால் அளவுக்கு மீறி வெந்து போனது. நடுவில் பாசுமதிச் சோறு வைத்துத் தருவது தப்பு, அதன் மணம் ரூவோடு சண்டை போடுகிறது. பொன்னி பச்சரிசி எவ்வளவோ தேவலை.

கறியோடு அரிசியை ஒரே சட்டியில் வேகவைக்கும் ஜம்பலாயாவுக்கு வருவோம். கேஜன் ஜம்பலாயா பழுப்பு நிறம், தக்காளி கிடையாது. கறியைச் சட்டியில் ஒட்டுமளவுக்குச் சிவக்க வறுத்து, அடியில் பிடித்ததை வெங்காயமும் தண்ணீரும் விட்டுச் சுரண்டி, அந்தச் சாற்றிலேயே அரிசி வேக வேண்டும். தக்காளி போட்டுச் சிவப்பாகச் செய்வது அதே லூயிசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து கிரியோல் பாணி. அதையாவது ஒழுங்காகச் செய்தால் சரி. இங்கே வடித்த சோற்றை சாஸில் போட்டுப் புரட்டுகிறார்கள். ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள், வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. 380 ரூபாய்க்கு இனிக்கிற தக்காளி சாதம்.

'கிராஃபிஷ் பாயில்' (மசாலாத் தண்ணீரில் வேகவைத்த நன்னீர்க் கல்இறால்) என்று மெனுவில் போட்டு சாதா இறாலைத் தருவதும் சரியில்லை. கேட்டால் "இறால்தானுங்க" என்று ஒப்புக்கொள்கிறார்கள், மெனுவைத்தான் திருத்தவில்லை. அதில் வரும் உருளைக்கிழங்கும் உள்ளே சப்பென்று இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகு கால் மணி நேரமாவது மசாலாத் தண்ணீரில் ஊறினால்தான் உள்ளே இறங்கும், மேலே பொடி தூவினால் இறங்காது.

பிளாக்கன்ட் மீன் நன்றாக வருகிறது, மீனைப் பார்த்துச் சொன்னால். பால் ப்ருடோம் என்ற லூயிசியானா சமையல்காரர் 1980களில் பிரபலமாக்கிய முறை இது. மீனை வெண்ணெயில் முக்கி, மசாலாவில் புரட்டி, காய்ந்து புகைகிற இரும்புச் சட்டியில் போடுவார்கள். கறுப்பது மசாலாவும் வெண்ணெயும்தான், மீன் கருகக் கூடாது. பாசா சொன்னால் உறைந்த மீனின் தண்ணீர் கசிந்து, மசாலா கூழாகி, மீன் வெந்துதான் வரும், வறுபடாது. கொடுவா சொல்லுங்கள், அரை அங்குலத் துண்டாக. நூற்றைம்பது ரூபாய் கூட ஆகும், கொடுக்கலாம்.

"காரம் தூக்கலா போடட்டுங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வறுக்காத மிளகாய்த்தூளை மேலே கொட்டுகிறார்கள். கேஜன் காரம் நம் பள்ளிபாளையம் சிக்கனோடு போட்டி போடுகிற காரம் இல்லை. மிளகும் வெள்ளை மிளகும் மிளகாயும் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் ஏற வேண்டும். போதாதென்றால் டபாஸ்கோ மிளகாய் சாஸ் பாட்டில் கேளுங்கள். 1868 முதல் லூயிசியானாவின் ஏவரி தீவில் செய்வது, வினிகர் புளிப்பு இந்தச் சாப்பாட்டுக்குத் தோதானது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ராஜ்மா சோற்றோடு முடித்துக்கொள்ளலாம், சுமார்தான். வெஜ் கம்போ கேட்கிறவர்கள், எந்தத் தண்ணீரில் கொதித்தது என்று விசாரித்துவிட்டுச் சொல்வது நல்லது. கோழி எலும்புச் சாற்றில் ஒரே அடிச்சட்டி வைத்து எல்லாவற்றுக்கும் எடுக்கிற பழக்கம் இந்த மாதிரிக் கடைகளில் உண்டு.

பார்சல் என்றால் கம்போ மட்டும், சோறு தனியாக. மறுநாள் சிறு தீயில் சுடவைத்தால் இன்னும் கூடி வரும். இறாலை மட்டும் முதல் நாளே பொறுக்கித் தின்றுவிடுங்கள், இரண்டாம் சூட்டுக்கு அது தாங்காது.