கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு எது தாங்கும்: யுபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா?

வேலூரில் கரண்ட் போவது இரண்டு விதம். கோடை மழைக்கு முன்னால் காற்றடித்ததும் சட்டென்று போய்த் திரும்புவது ஒன்று. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்திச் சாயங்காலம்வரை இழுப்பது இன்னொன்று. முதலாவதற்கு யுபிஎஸ், இரண்டாவதற்கு இன்வெர்ட்டர்.

கடைகளில் அதிகம் போகும் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் உண்மையில் 360 வாட்தான் தரும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. மானிட்டரோடு 120 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்புக்கு, பேட்டரி புதிதாக இருந்தால் 15 முதல் 20 நிமிடம் கிடைக்கும். ஃபைலை சேவ் செய்து ஒழுங்காக ஷட்டவுன் செய்ய அது தாராளம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள். சூடேறும் நொடியில் ஓவர்லோடு ஆகி, கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும்.

900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் (டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி) இருந்தால் அதே கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், ஒரு லைட் எல்லாம் நாலரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். ஆனால் வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். சதுர அலை தரும் ஸ்கொயர் வேவில், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை, முரண்டு பிடிக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் யுபிஎஸ் வைத்தாலும், வரும் கரண்ட்டை அது ஏற்காமல் தன் பேட்டரியையே தீர்த்துவிடலாம்.

பலர் கோட்டைவிடுவது, சாதாரண மோடா யுபிஎஸ் மோடா என்று மாற்ற இன்வெர்ட்டரின் பின்பக்கம் உள்ள சின்ன சுவிட்சில். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி செகண்ட்தான் கரண்ட் இல்லாமல் தாங்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாற அதைவிட நேரமாகும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். சரி என்று யுபிஎஸ் மோடில் போட்டால் வேறு தொல்லை: பெரும்பாலான மாடல்கள் அப்போது 180 வோல்ட்டுக்குக் கீழே வரும் கரண்ட்டை ஏற்காது. மே மாதம் ராத்திரி தெரு முழுக்க ஏசி ஓடி வோல்டேஜ் 170-க்கு இறங்கினால், கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட தெருவில் இன்வெர்ட்டரை சாதாரண மோடிலேயே விட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு 600 விஏ யுபிஎஸ் நடுவில் போடுவதே எங்கள் தேர்வு. மாறும் அந்த ஒரு கணத்தை யுபிஎஸ் தாங்கும், மீதி நேரத்தை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும்.

நாள் முழுக்க வேலை நிற்கக் கூடாது என்றால் லேப்டாப்புக்கு மாறிவிடுங்கள். லேப்டாப், ரூட்டர், கரண்ட் குறைவாக இழுக்கும் ஒரு பிஎல்டிசி ஃபேன் மூன்றும் சேர்ந்து 80 வாட் சுமார். அதே 150 ஏஎச் பேட்டரி சாயங்காலம்வரை இழுக்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரூட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் (ரூட்டருக்கென்றே வரும் சின்ன பேட்டரிப் பெட்டி) போதும். அடாப்டர் மேல் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள். மாறினால் ரூட்டர் ஓடாமல் போகலாம், புகைந்தும் விடலாம்.

பேட்டரிக்கு எதிரி இந்த ஊர் வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், மேற்கு வெயில் காயும் சுவரோரம் எல்லாம் வைக்காதீர்கள். யுபிஎஸ் பேட்டரியின் பக்கவாட்டு உப்பித் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். முழு யுபிஎஸ் வாங்க வேண்டாம், 7 ஏஎச் பேட்டரி தனியாகவே கிடைக்கும். டியூபுலரில் மூடிமேல் உள்ள மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். பச்சைக் கோடு எட்டியதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி டெர்மினலை அரிக்கும்.