பிராய்லர் கொழுப்புக்குப் பூண்டா, மஞ்சளா?

சொந்தமாகத் தீவனம் அரைத்து, வளர்த்த கோழியைத் தாங்களே உரித்துக் கறியாக விற்பவர்களுக்கான அலசல் இது: வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கத் தீவனத்தில் பூண்டு கலப்பதா, மஞ்சள் கலப்பதா? பல்லடம் பக்கம் கம்பெனி ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள் தீவனத்தில் கை வைக்க முடியாது. உயிர் எடைக்கு விற்பவருக்கு வயிற்றுக் கொழுப்பும் காசுதான். கறிக்கடையில் அது கழிவு. 2 கிலோ கோழியில் 2 சதவீதம் என்றாலே 40 கிராம் போகிறது, அதற்குத் தின்ற மக்காச்சோளமும் சேர்த்து.

கோழிக்குக் கொழுப்பு பெரும்பாலும் ஈரலில்தான் உருவாகி, ரத்தம் வழியாக வயிற்றில் போய்ச் சேர்கிறது. பூண்டும் மஞ்சளும் ஈரலில் வேலை காட்டுபவை. பூண்டு, கொலஸ்ட்ராலை உருவாக்கும் நொதியை அடக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் கொழுப்பு உருவாவதைக் குறைத்து, எரிவதைக் கூட்டும். முருங்கை இலைத்தூளையும் சொல்வார்கள். அளவு கூடினால் நார்ச்சத்து எடையைக் கெடுக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

நான் மஞ்சள் பக்கம்தான். முக்கியக் காரணம், அது மூட்டையில் தாங்கும். பூண்டின் வீரியமான அல்லிசின், பல்லை நசுக்கும்போதுதான் உருவாகும். உருவானதுமே சிதையவும் தொடங்கும். கலந்த அன்று கொட்டகையே மணக்கும், சில நாளில் மூட்டைக்குள் மூக்கை வைத்துத்தான் வாசம் தேட வேண்டும். பச்சையாக அரைத்துப் போட்டால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். அதிகச் சூட்டில் காயவைத்தால் அல்லிசினை உண்டாக்கும் நொதியே செத்துவிடும். விலையும் நிலையில்லை: 2024 தொடக்கத்தில் கிலோ 400 ரூபாயைத் தொட்டது.

மஞ்சளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெயில் படாமல் மூடி வைத்தால் போதும். தூளில் கலப்படம் உண்டு என்பதால் ஈரோட்டு விரலி மஞ்சளை வாங்கி நானே அரைக்கிறேன். டன்னுக்கு 5 கிலோ. முதலில் ஒரு கூடை சோளமாவில் கலந்து, அப்புறம் மிக்ஸரில் கொட்டுவேன். சரியாகக் கலக்காவிட்டால் மஞ்சள் கோடு கோடாகத் தெரிந்துவிடும். பூண்டில் இப்படிக் கண்ணால் பார்க்க வழியில்லை.

குறையும் உண்டு. குர்குமின் உடலில் கொஞ்சம்தான் சேரும், மீதி எச்சத்தோடு போய்விடும். என் கோழிகளில் கொழுப்பு மெலிந்தது உண்மை. ஆனால் அதே பேட்ச்சில் பினிஷர் தீவனத்தில் (வெட்டுக்கு முந்தைய கடைசிக் கட்டத் தீவனம்) லைசின் என்ற அமினோ அமிலத்தையும், அதாவது புரதத்தின் ஒரு கூறையும், கூட்டியிருந்தேன், அதனால் முழுப் பெயரையும் மஞ்சளுக்கே கொடுக்க மாட்டேன். எரிசக்திக்கு ஏற்ற புரதம் இல்லாத தீவனத்தில் எதைத் தூவினாலும் கொழுப்பு ஏறத்தான் செய்யும். சேவலைவிடப் பெட்டைக்குக் கொழுப்பு அதிகம். வயது ஏற ஏற இன்னும் கூடும். பெட்டைகளை முதலில் வெட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.