கரையோரத் தோட்டத்தில் புதைத்த குழாய்: மெக்னீசியமா, ரெக்டிஃபையரா, எச்டிபிஇயா?

மலேசியாவின் பந்திங், கேரித் தீவு பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வாய்க்கால் வெட்டிப் போட்ட மண்ணைப் பாருங்கள். வைக்கோல் மஞ்சளில் புள்ளிகள் தெரிந்தால் அமிலச் சல்பேட் மண்தான். ஈரத்தில் அடங்கிக் கிடந்த பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம், காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாகும். பிஎச் 4-க்கும் கீழே இறங்கும். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சோ பிஎச் 6-க்குக் கீழேயே வேகமாகக் கரையத் தொடங்கும். அதை இங்கே வெறுமனே புதைப்பது வீண் செலவு. அரிப்பைத் தடுக்க மூன்று வழி: குழாய்க்குப் பதில் தானே கரையும் மெக்னீசியம் கட்டி (அனோடு), வெளி மின்சாரத்தை மாற்றி அனோடு வழியே குழாய்க்குக் கொடுக்கும் ரெக்டிஃபையர், அரிக்காத எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்.

ஏற்கெனவே பூச்சுள்ள எஃகுக் குழாய் கிடந்தால் மெக்னீசியம் அனோடுதான் மலிவு. கணக்கு இது: 150 மில்லிமீட்டர் குழாய் ஒரு கிலோமீட்டருக்கு வெளிப்பரப்பு சுமார் 530 சதுர மீட்டர். பூச்சு நன்றாக இருந்தால் சதுர மீட்டருக்கு 0.1 மில்லிஆம்பியர் போதும். ஓர் ஆம்பியரை ஓராண்டு கொடுக்க 8 கிலோ மெக்னீசியம் தேயும். ஆக, ஆண்டுக்கு அரைக் கிலோகூட ஆகாது. அமில மண்ணில் அது தானாகவும் கரையும், கொஞ்சம் கூட்டியே போடுங்கள். பூச்சே இல்லையென்றால் சதுர மீட்டருக்கு 20 மில்லிஆம்பியர், ஆண்டுக்கு 85 கிலோ. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

அனோடு வாங்குகிறவர்கள் இன்சுலேட்டிங் ஃபிளாஞ்சை, அதாவது மின்சாரம் கடக்காமல் குழாயைப் பிரிக்கும் இணைப்பை, விட்டுவிடுகிறார்கள். கேஸ்கெட் மட்டும் போதாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்லீவும் வாஷரும் வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் பம்ப் ஹவுஸ் எர்த்திங் செம்புக்கு ஓடிவிடும். குழாய் காப்பாற்றப்படுகிறதா என்று செம்புச் சல்பேட் மின்முனையை மண்ணில் வைத்து அளந்தால் மைனஸ் 850 மில்லிவோல்ட்டாவது காட்ட வேண்டும்; காற்றுப் புகாத சதுப்பில் இரும்பை அரிக்கும் சல்பேட் பாக்டீரியா இருப்பதால் மைனஸ் 950.

ரெக்டிஃபையர் நீண்ட லைனுக்கும் பூச்சு கெட்ட லைனுக்கும் சரி. பிளஸ் அனோடுக்கு, மைனஸ் குழாய்க்கு. மாற்றிக் கட்டினால் குழாயே கரையும். இடி விழுந்து டிரிப் ஆனாலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை மீட்டர் பார்த்து எழுத ஆளில்லாத தோட்டத்துக்கு இது வேண்டாம்.

புது லைனா? யோசிக்காமல் எச்டிபிஇ, பிஇ100 எஸ்டிஆர்11 (பிளாஸ்டிக்கின் ரகமும், விட்டத்துக்கும் சுவர்த் தடிமனுக்கும் உள்ள விகிதமும்). அது தாங்கும் 16 பார் அழுத்தம் 20 பாகை செல்சியஸுக்குச் சொன்னது; 40 பாகையில் 12 பார்தான். செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர் 80, 90 பாகையில் வருவதால் அங்கே போடவே கூடாது. மின்சூட்டில் உருக்கி ஒட்டும் எலக்ட்ரோஃபியூஷன் மூட்டில் மேல்தோலைச் சுரண்டாமல் ஒட்டினால் பிரஷர் டெஸ்ட்டில் தாங்கும், பிறகு கழன்றுகொள்ளும். மழையில் கூடாரம் இல்லாமல் ஒட்டவும் கூடாது. ஃபிளாஞ்ச் போல்ட்டும் வளையமும் இரும்புதான். ஈரம் புகாத பெட்ரோலேட்டம் (வாசலின் போன்ற பசை) டேப் சுற்றிய பிறகே மண் தள்ளுங்கள்.