திருகோணமலையில் வாங்கிய கிரகணக் கண்ணாடி: ஒரு மதிப்பீடு

திருகோணமலை நகரிலுள்ள புத்தகக்கடை ஒன்றில் வாங்கிய மட்டைச் சட்டகக் கிரகணக் கண்ணாடியை, பலரும் தயக்கமின்றி வாங்கக்கூடிய பொருள் என்றே கருதுகிறேன். உட்பக்கத்தில் சூரியனைப் பார்க்கும் கண்ணாடிகளுக்கான ஐஎஸ்ஓ 12312-2 என்ற பன்னாட்டுத் தர எண்ணும் தயாரிப்பாளரின் முகவரியும் தெளிவாக அச்சிடப்பட்டுள்ளன. எனினும் போலிகளிலும் அந்த எண் இருக்கக்கூடும் என்பதால், வீட்டுக்குள் அணிந்து சுற்றிலும் பார்த்தேன். சாளரமோ கதவோ சிறிதும் தெரியவில்லை. வெளியே சூரியன் மட்டும் செம்மஞ்சள் நிற வட்டமாக, கூசாமல் தெரிந்தது.

விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால், வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பவருக்குத் தீங்கு நேரும் கணத்தில் எதுவுமே தெரியாது. பார்வையின் நடுவில் கறை விழுவது சில மணி நேரம் கழித்தே புலப்படலாம். எக்ஸ்ரே படமும் சாதாரணக் கறுப்புக் கண்ணாடியும் இதற்கு உதவா. 2019 டிசம்பர் 26 அன்று இங்கு தெரிந்தது போன்ற கங்கண கிரகணத்தில், அதாவது நிலவு சூரியனின் நடுப்பகுதியை மட்டும் மறைக்கும் கிரகணத்தில், நெருப்பு வளையம் முழுமையாகத் தெரியும் வேளையிலும் கண்ணாடியைக் கழற்றவே கூடாது.

குறைகளும் உண்டு. பார்வைக் கண்ணாடி அணிபவருக்குச் சட்டகம் சற்றுச் சிறியது. சிறுவர்களுக்கோ நழுவுகிறது, ஆகவே பின்புறம் இழுபட்டி கட்டுவது அவசியம். தமிழில் அறிவுறுத்தல் இல்லாதது பெருங்குறை. ஏனெனில் இதை அணிந்துகொண்டு தொலைநோக்கியூடாகப் பார்த்தால், குவிந்த ஒளி கண்ணாடியிலுள்ள வடிகட்டியை எரித்துக் கண்ணையும் கெடுத்துவிடும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது.