நாய்க்குட்டிக்கு கறி வாங்க செங்கோட்டைல நல்ல கோழிக்கடை

புளியரை போற ரோட்டுல இருக்க சின்ன கடை. வீட்ல அஞ்சு மாச சிப்பிப்பாறை குட்டி, வளர்ற வயசு, மூணு வேளை போட்டாலும் பத்தல, பாக்கெட் தீனி நமக்கு கட்டுப்படியாகல. இங்க கால், கழுத்து, ஈரல் எல்லாம் கறி விலைல பாதிகூட வராது, அண்ணாச்சி ஒவ்வொரு கோழிக்காலையும் சுடுதண்ணில முக்கி தோல உரிச்சு நகத்த வெட்டித்தான் தருவாரு. நான் குக்கர்ல வேகவச்சு எலும்பு மொத்தமும் எடுத்துட்டு (வெந்த எலும்பு சிலாம்பா உடைஞ்சு குடல குத்திரும்) ரேஷனரிசி சோத்துல பிசைஞ்சு போடுறேன், வெங்காயம் பூண்டு ஆகவே ஆகாது, ஈரல் கொஞ்சமா போதும். ஒருதடவ ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாங்குனது லேசா நாத்தம், குட்டிக்கு ரெண்டு நாள் வயித்தால போச்சு, மனசே கேக்கல. காலைல ஏழு மணிக்குள்ள போயிருங்க.