சப்ஊஃபர் பாக்ஸ் அடிக்கக் கொடுத்தவர்கள், மீதிப் பணம் கொடுக்கும் முன் அளக்கும் டேப்போடு போங்கள்

மதுரையில் ஒரு கார் ஆடியோ கடையில் 12 இஞ்ச் சப்ஊஃபருக்கு (தாழ்ந்த பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) பாக்ஸ் அடிக்கக் கொடுத்து, கடைசியில் ஊஃபரையே பறிகொடுத்தேன். கடைப் பெயரைப் போடப் போவதில்லை, தனியாகவும் கேட்காதீர்கள்.

ஊஃபரோடு வந்த தாளில் தெளிவாகவே போட்டிருந்தது. போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பாக்ஸ் என்றால் உள்ளே 50 லிட்டர் காற்று, ட்யூனிங், அதாவது அந்தக் குழாய்க் காற்று அதிரும் சுருதி, 34 ஹெர்ட்ஸ். அந்தத் தாளைக் கடைக்காரரிடம் கொடுத்து, 18 எம்எம் எம்டிஎஃப்பில்தான் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டும் என்றும் சொன்னேன். தாளை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாங்க அடிக்காத பாக்ஸா தம்பி, சனிக்கிழமை வாங்க" என்றார். 6,500 ரூபாய் பேசி 3,000 அட்வான்ஸ் கொடுத்தேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன். என் முதல் தப்பு அதுதான்.

சனிக்கிழமை போனால் பாக்ஸ் பார்க்க அம்சமாக இருந்தது. சுற்றிலும் கறுப்பு கார்பெட், ஓரத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "எத்தனை லிட்டர்ண்ணே?" என்று கேட்டேன். போனில் 50 பெருக்கல் 38 பெருக்கல் 30 தட்டி, "57 லிட்டர், நீங்க கேட்டதுக்கு மேலயே ஏழு போட்டிருக்கேன்" என்றார். நானும் மகிழ்ந்துபோய் மீதியைக் கொடுத்துவிட்டேன். அவர் பெருக்கியது வெளி அளவை என்பது வீட்டுக்கு வந்தும் எனக்கு உறைக்கவில்லை. காற்று இருப்பது உள்ளே அல்லவா? எதிரெதிர்ப் பலகைகளுக்கு 18 எம்எம், 18 எம்எம் கழித்தால் 46.4, 34.4, 26.4, அதாவது 42 லிட்டர். ஊஃபரின் காந்தமும் போர்ட் குழாயும் அடைத்துக்கொள்ளும் இடம் போக 38 தேறினால் அதிகம்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பெரிய கூத்து குழாயில்தான். 4 இஞ்ச் பிவிசி குழாய், பிளம்பர் போடும் அதே குழாய். அதில் தப்பில்லை, பலரும் அதைத்தான் போர்ட்டாக வைக்கிறார்கள். ஆனால் அதை 15 செ.மீ.க்கு நறுக்கி ஒட்டியிருந்தார்கள். 50 லிட்டருக்கு 34 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அந்தக் குழாய் 36 செ.மீ. அளவுக்கு நீள வேண்டும், இந்தப் பாக்ஸின் ஆழத்தில் அது நிற்காது, எல்போ போட்டு வளைக்க வேண்டும். அதற்கு யார் மெனக்கெடுவது? காற்று குறைந்தாலும் குழாய் குட்டையானாலும் ட்யூனிங் மேலே ஏறும், இங்கே இரண்டும் சேர்ந்துகொண்டன. பிற்பாடு கணக்குப் போட்டால் 54 ஹெர்ட்ஸ் வந்தது.

முதல் இரண்டு நாள் 'தொம் தொம்' என்று அதிர்ந்ததில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தொம்'. பேஸ் கிட்டார் ஏறினாலும் இறங்கினாலும் அதே ஒற்றைச் சுரம். அதைவிட மோசம், ட்யூனிங்குக்குக் கீழே போகும் சத்தத்துக்கு போர்ட் பாக்ஸில் ஊஃபரின் கோனை (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) பிடித்து நிறுத்த ஆளில்லை, வெளியே வெறுமனே வைத்து வாசித்தது மாதிரி அது துள்ளும். 35, 40 ஹெர்ட்ஸ் வரும் பாட்டுகளை நான் சத்தமாக வேறு வைத்தேன், ஆம்பில் (ஆம்ப்ளிஃபயர்) மிகத் தாழ்ந்த சத்தத்தை வெட்டும் சப்சானிக் ஃபில்டரையும் போடவில்லை, அந்தப் பங்கு என்னுடையதுதான். மூன்றாவது வாரம் 'டக் டக்' என்று அடித்தது, நான்காவது வாரம் கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் உரசத் தொடங்கியது. கம்பெனி சர்வீஸில் இது வாரன்டியில் வராது என்று திருப்பிவிட்டார்கள்.

ஊஃபரைக் கழற்றும்போது ஸ்க்ரூ கையாலேயே வந்தது, கூடவே மரச்சில்லும் கொட்டியது. எம்டிஎஃப் என்று காசு வாங்கிக்கொண்டு மரச்சில்லை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டில் அடித்திருக்கிறார்கள்! கார்பெட்டுக்குள்ளே யாருக்குத் தெரியும்? கடையில் கேட்டால், "எம்டிஎஃப் ஸ்டாக் இல்ல தம்பி, அதுவும் அதே கனம்தானே, நீங்க ஆம்ப்ல கெயினைக் கூட்டி வச்சிருப்பீங்க" என்றார். அரை மணி நேரம் சத்தம் போட்டதில் ஆயிரம் ரூபாய் திரும்பி வந்தது.

பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் ஊஃபரை மாட்ட விடுவதற்கு முன்னால் அந்த ஓட்டை வழியாக டேப்பை விட்டு உள் அளவை எடுங்கள், குழாய் எத்தனை செ.மீ. என்று பாருங்கள். ஓட்டையை வெட்டிய விளிம்பில் கார்பெட் இருக்காது, அங்கே பலகை மாவு மாதிரி நைசாக இருந்தால் எம்டிஎஃப், சில்லு சில்லாகத் தெரிந்தால் மற்றது. மாட்டிய பிறகு பாட்டை ஓடவிட்டு ஓரங்களில் ஊதுபத்தி காட்டினால் ஏர் லீக் இருக்கும் இடத்தில் புகை அசையும். என் பாக்ஸில் ஒயர் மாட்டும் டெர்மினல் பக்கம் அசைந்தது.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். வாசலில் அதே அளவில் ஆறு பாக்ஸ் அடுக்கி வைத்திருந்தார். எந்த ஊஃபருக்கு என்று ஒரு பையன் கேட்டுக்கொண்டிருந்தான். "எல்லாத்துக்கும் சேரும் தம்பி" என்றார்.