ரிவெர்பா, ஈபேயா, வெளியில் முடிப்பதா: பழைய கிட்டார் விற்பவர் கணக்கு

நியூ ஜெர்சியில் கச்சேரி வாசிக்கிற தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "அண்ணா, பழைய கிட்டாரை எதுல போட்டா கமிஷன் கம்மி?" எதை விற்கிறீர்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பொருள் மாறினால் கணக்கே புரண்டுவிடும்.

ஒரு கிட்டார் 1,000 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 விகிதப்படி, இசைக்கருவிகளுக்கென்றே இருக்கும் ரிவெர்ப் என்ற இணையச் சந்தையில் விற்பனைக் கட்டணம் 5 சதவீதம். பணம் வாங்கித் தருவதற்குத் தனியாக 3.19 சதவீதமும் 49 சென்ட்டும். வரியையும் அனுப்புக்கூலியையும் சேர்க்காமலே 82 டாலர் 39 சென்ட் போய்விடுகிறது. ஈபேயில் அதே 2025 கணக்குப்படி பெரும்பாலான பொருள்களுக்கு 13.6 சதவீதம் என்றாலும் கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் 6.7 சதவீதம்தான். பணப் பட்டுவாடாவும் அதற்குள் அடக்கம். ஆர்டருக்கு 40 சென்ட் கூடுதல். ஒரு விஷயம் மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. வாங்குபவர் கட்டும் விற்பனை வரியையும் சேர்த்த தொகைக்குத்தான் ஈபே கமிஷன் போடுகிறது. எங்கள் மாநிலத்தில் வரி 6.625 சதவீதம். ஆக 1,066.25-க்குக் கணக்குப் போட்டால் 71 டாலர் 84 சென்ட். அப்படியும் ரிவெர்பைவிட 10 டாலர் மிச்சம்.

இதையே 150 டாலர் டிலே பெடலுக்கு (கிட்டார் ஒலியை எதிரொலிக்க வைக்கும் கால்மிதிக் கருவி) போட்டுப் பாருங்கள். பெடலுக்குக் கிட்டார் சலுகை கிடையாது. வரியைச் சேர்க்காமலே ஈபேயில் 20 டாலர் 80 சென்ட், ரிவெர்பில் 12 டாலர் 78 சென்ட். அதனால் பெடல் என்றால் ரிவெர்ப், கிட்டார் என்றால் ஈபே என்பது என் வழக்கம். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் நேரில் கைமாற்றினால் கட்டணமே இல்லை. பார்சலில் அனுப்பினால் 2024 ஏப்ரலிலிருந்து 10 சதவீதம்; முன்பு 5 ஆக இருந்தது. 1,000 டாலர் கிட்டாருக்கு 100 டாலர் கொடுத்து அங்கே ஏன் அனுப்ப வேண்டும்? அதை விட்டுவிடலாம்.

ரிவெர்பை 2013-ல் சிகாகோவில் தொடங்கிய டேவிட் கால்ட், சிகாகோ மியூசிக் எக்ஸ்சேஞ்ச் என்ற கிட்டார் கடையின் உரிமையாளராக இருந்தவர். அப்போது கட்டணம் 3.5 சதவீதம். 2019-ல் எட்ஸி நிறுவனம் 27.5 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அடுத்த ஆண்டே கட்டணம் 5 ஆனது. 2025-ல் எட்ஸி அதை மறுபடி கைமாற்றிவிட்டது. 3.5 இருந்த காலத்தில், தளத்தில் ஆளைப் பிடித்துவிட்டு கமிஷன் கட்டாமல் வெளியில் முடிக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. பட்டுவாடாக் கட்டணத்தோடு சேர்ந்து 8 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் கை பரபரக்கிறது.

அந்தப் பரபரப்பைத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். என் டெலிகாஸ்டர் கிட்டாரை விளம்பரப்படுத்திய மறுநாள் ஒரு செய்தி. இலக்கமாகப் போட்டால் தளம் மறைத்துவிடும் என்று, தன் கைபேசி எண்ணின் பத்து இலக்கத்தையும் சொற்களாகவே எழுதியிருந்தார். "உங்களுக்கும் கமிஷன் மிச்சம், எனக்கும் 40 டாலர் குறைத்துக் கொடுங்கள்." நியாயமான பேரம் மாதிரிதான் தெரிந்தது. நான் போகவில்லை. காரணம், சில ஆண்டுகளுக்கு முன்னால் நானே அந்தப் பக்கம் நின்று பட்டவன்.

அப்போது ஒரு ஆம்ப் (கிட்டாருக்கான ஒலிபெருக்கி) வாங்கினேன். விற்றவர் சொன்னபடி, நண்பர்களுக்கு அனுப்புகிற வழியில் பணம் போட்டேன். பெட்டி வந்தது, ஒரு சேனல் உயிரில்லாமல் கிடந்தது. நான்கு முறை எழுதினேன், பதிலே இல்லை. முறையிட இடமும் இல்லை. பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தார்' என்று அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. ஸெல் என்ற வங்கிப் பணமாற்று சேவை வழியாகப் போன பணத்தைத் திரும்ப இழுக்க முடியாது. விற்பவருக்கும் ஆபத்து குறைவில்லை. வங்கிக் காசோலையை வாங்கிப் போட்டால் ஓரிரு நாளில் கணக்கில் பணம் ஏறிவிடும். அது போலி என்று வங்கி கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் கிட்டார் வேறு மாநிலத்தில் இருக்கும், பணத்தை வங்கி உங்களிடமிருந்தே பிடித்துக்கொள்ளும்.

தளத்தில் பார்த்து வெளியே முடிப்பதை ரிவெர்ப், ஈபே இரண்டுமே தடை செய்கின்றன. பிடிபட்டால் கணக்கை முடக்கலாம். வெளியில் முடிந்த விற்பனைக்கும் கட்டணம் போட ஈபே விதியில் இடமிருக்கிறது. விதியைத் தள்ளிவைத்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆளைக் கூட்டிவந்து நிறுத்தியது அவர்கள்; அந்த வேலைக்குக் கூலி கொடுக்காமல் நழுவுவது சரியாகப் படவில்லை.

பார்சலில் போகிற எதையும் தளத்துக்குள்ளேயே முடியுங்கள். கிப்சன் மாதிரித் தலை பின்னால் சாய்ந்த கிட்டார்கள் வழியில் கழுத்து முறிந்து வருவது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த நேரத்தில் படங்களும் செய்திகளும் ஒரே இடத்தில் இருந்தால்தான் பேச முடியும். கமிஷன் கொடுக்க மனமில்லையா, முதலிலிருந்தே நேரில் விற்பது என்று முடிவெடுங்கள். பல ஊர்களில் இத்தகைய கைமாற்றத்துக்கென்றே காவல் நிலைய வாகன நிறுத்தத்தில் கேமரா வைத்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ரொக்கமாக வாங்குங்கள், பெரிய தொகை என்றால் வாங்குபவரோடு அவருடைய வங்கிக்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.

டெலிகாஸ்டர் கடைசியில் நேரில்தான் போனது. கல்லூரிப் பையன் ஒருவன் அப்பாவோடு வந்தான். எங்கள் வரவேற்பறையில் அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தான். கேட்ட விலைக்கு 60 டாலர் குறைவாகக் கொடுத்தார்கள். ரிவெர்பில் போட்டிருந்தால் கமிஷன் அதைவிட அதிகம். பெட்டி தேடிப் பொதி கட்டும் வேலையும் மிச்சம். ட்யூப் ஆம்ப் வைத்திருப்பவர்கள் பக்கத்து ஊர்க்காரருக்கே கொடுத்துவிடுங்கள். 50 பவுண்டு எடைக்கு அனுப்புக்கூலி பார்த்தால் எந்தக் கமிஷனும் சின்னதாகத் தெரியும்.